நானூற்றுப் பதினோராம் வரி

பேரை முதலில் கெடுத்தவன் மைக்செட் கோயில்பிச்சை. மற்றவர்கள் அவன் கெடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டவர்கள்தான், கெடுத்தவன் அவன். இதை ஆறுமுகநயினார் முப்பத்தொரு வருஷமாக, மோட்டார் ரூமில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, சுவிட்சுப் பலகையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேல ஊத்தங்குளத்தில் அந்த வருஷம் அம்மன் கொடைத் திருவிழா. மூன்று நாளும் ஊர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டது, டேங்க் ஆபரேட்டர் ஆறுமுகநயினார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு இலைக்கும் தண்ணீர் ஊற்றினார். அதனால் மூன்று நாளும் அவருக்குக் கடைசிப் பந்தியில்தான் இடம், ரசம் தீர்ந்து, பாயசம் அடிப்பிடித்து, அப்பளத்தில் நொறுங்கல் மட்டும் மிஞ்சிய பந்தி. மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவரைத் தேடியபோது கோயில்பிச்சை மைக்கைப் பிடித்து, "கடைசிப்பந்தி எங்கிருந்தாலும் உடனே மோட்டார் ரூமுக்கு வரவும்" என்று நாலு ஒலிபெருக்கிக் குழாயிலும் அலறவிட்டான். பேரைக்கூடச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிட்டது, அதுதான் அவன் செய்த கெடுதல். அன்று பொழுது சாய்வதற்குள் அவர் கடைசிப்பந்தி ஆனார், அவர் மனைவி பகவதி கடைசிப்பந்தி வீட்டுக்காரி ஆனாள், பிறகு பிறந்த செண்பகவடிவு பிறக்கும்போதே கடைசிப்பந்தி மகளாகப் பிறந்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன் கயத்தாற்றிலிருந்து செண்பகவடிவைப் பெண் பார்க்க வந்தவர்கள், பஸ் ஸ்டாப்பில் மைக்செட் கடை வாசலில் இருந்த கோயில்பிச்சையிடம் ஆறுமுகநயினார் வீடு எது என்று கேட்டார்கள். "அப்படி ஒரு ஆளே இந்த ஊர்ல இல்லியே" என்றான். அவன் வேண்டுமென்று சொல்லவில்லை, நிஜமாகவே மறந்துபோயிருந்தான். பேரை எடுத்தவனுக்குத் தான் எடுத்தது எது என்றுகூட ஞாபகம் இல்லை என்பதைத்தான் ஆறுமுகநயினாரால் பொறுக்க முடியவில்லை. வந்தவர்கள் பொய் விலாசம் என்று அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்கள். செண்பகவடிவுக்கு இப்போது இருபத்தொன்பது.

இப்படி இருக்கும்போதுதான், ஆடி மாதம் முதல் செவ்வாயன்று ஊர் விழித்தபோது, கண் திறக்குமுன் வாய் திறந்தது. ஆயிரத்து எண்ணூறு பேரும் பாயிலும் கட்டிலிலும் மாட்டுத்தொழுவத்திலும் படுத்தபடியே, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே குரலில் சொன்னார்கள்: "ஊர் மேல ஊத்தங்குளம். வழி என்பது வீடு, வாய்க்கால், முத்தையா டீக்கடை, பள்ளிக்கூடம், கோயில், பஸ் ஸ்டாப்பு. தேங்காய் தேடினால் முதலில் செல்வராணி கடை, அங்கே இல்லாவிட்டால் இல்லை. மழை வரும் என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொள்க, நம்பவேண்டாம்." இப்படியே போய், நானூற்றுப் பதினோராம் வரியில், "ஆறுமுகநயினார் என்பதற்குக் கடைசிப்பந்தி என்று கொள்க" என்று முடித்து, எல்லாரும் கண்ணைத் திறந்து பல் விளக்கப் போனார்கள். ஆறுமுகநயினாரும் சொன்னார். தன் வாயாலேயே சொன்னார்.

அந்த வரிகள் எங்கே இருக்கின்றன என்று அவருக்கு மட்டும் தெரியும். டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைத் தானே போட்டுத் தானே அணைக்கும் கம்ப்யூட்டர் ஒன்று பங்குனியில் மோட்டார் ரூமுக்கு வந்திருந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, வேறு படமோ அலங்காரமோ கிடையாது. அதை மாட்ட வந்த ஜெஸிந்தா என்ற பெண் அப்போது சொல்லியிருந்தாள், "பெட்டி முழிச்சதும் முதல்ல இந்தக் கோப்பைத்தான் படிக்கும் அண்ணாச்சி. தான் யாரு, எதை எங்க தேடணும், எதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடணும், எல்லாம் இதுல இருக்கு. இது இல்லன்னா முழிச்சும் முழிச்சிக்கிட்டு நிக்கும்." அவள் எழுதிவைத்தது ஏழே வரி. செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் நானூற்றுப் பதினொன்று இருந்தது. மோட்டார் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது, ஆகவே அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஊர் ஒரு வாரத்தில் இதற்குப் பழகிவிட்டது. முத்தையா டீக்கடையை, ஜனங்கள் சொல்லி முடிக்கும் நேரம் கணக்குப் பண்ணி, கால் மணி தாமதமாகத் திறந்தான். பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்தை நிறுத்திவிட்டார்கள், பிள்ளைகள் ஏற்கெனவே வீட்டில் ஒன்று சொல்லிவிட்டு வருகிறார்களே என்று. கீழத்தெருவில் ஒருத்தனை அவன் மாமியார் இருநூறாவது வரியில் தட்டி எழுப்பிவிட, மீதி வரி இல்லாமல் எழுந்த அவன் அன்று முழுக்கச் செருப்பு எதற்கு என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நடந்தான். அதன்பிறகு, சொல்லிக்கொண்டிருப்பவரை நடுவில் எழுப்பக்கூடாது என்று பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டு, ஒலிபெருக்கியில் சொல்லாமல் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள், ஒலிபெருக்கி கோயில்பிச்சையுடையது, அவன் சத்தம் போட்டால் எல்லாரும் விழித்துவிடுவார்கள் என்பதால்.

ஆடி கடைசியில் சங்கரன்கோவிலிலிருந்து தகவல் வந்தது. பையன் நூற்பாலையில் மேஸ்திரி. ஆவணி முதல் வெள்ளி, நாலு மணி பஸ்ஸில் வருகிறோம், யாரும் பஸ் ஸ்டாப்புக்கு வரவேண்டாம், நாங்களே விசாரித்துக்கொண்டு வருகிறோம் என்றார்கள். அந்தப் பக்கத்தில் இதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் ஆளிடம் பெண் வீட்டைப் பற்றி விசாரிப்பார்கள், அந்த முதல் ஆள் சொல்வதுதான் சொல். பெண்ணின் அப்பன் போய் பஸ் ஸ்டாப்பில் நின்றால், ஊர் வாயை அடைக்க நிற்கிறான் என்று ஆகிவிடும்.

"இந்தத் தடவையும் அப்படி ஒரு ஆளே இல்லன்னு சொல்லிட்டாவன்னா?" என்றாள் பகவதி.

"சொல்லமாட்டாவ. பேரை நான் மாத்திருதேன்."

"எங்க போயி?"

"இருக்கிற எடத்துல போயி" என்று ஆறுமுகநயினார் மோட்டார் ரூம் சாவியை எடுத்தார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் அந்தத் திரையில் இருந்ததும் ஐந்தாம் வகுப்புத் தமிழ்தான்.

முதல் நாள் அவர் கோப்பின் தலையில் ஒரு வரி சேர்த்தார், எழுத்து எழுத்தாகத் தேடி, முக்கால் மணி நேரத்தில்: ஆறுமுகநயினார் என்பதற்கு ஆறுமுகநயினார் என்று கொள்க. மறுநாள் காலை ஊர் முழுக்க அதைத்தான் முதலில் சொன்னது. அவர் பாயில் படுத்தபடி தன் வாயால் தன் பேரைச் சொல்லி, கண்ணோரம் நனைந்து, அப்புறம் நானூற்றுப் பதினோரு வரி கழித்துத் தன் வாயாலேயே அதை அழித்துக்கொண்டு எழுந்தார்.

ஜெஸிந்தாவுக்குப் போன் போட்டார். ஊரே காலையில் கோப்பைப் படிக்கிறது என்று சொன்னதும் அவள், "ஓ, சரி" என்றாள், அவள் வேலையில் இதைவிட மோசமானதைப் பார்த்திருக்க வேண்டும். "மேலேர்ந்து கீழேதான் படிக்கும் அண்ணாச்சி. ஒரே பேருக்கு ரெண்டு வரி இருந்தா, கடைசியா எழுதினதுதான் நிக்கும்."

"இங்கயும் கடைசிதானா" என்று போனை வைத்தார்.

அடுத்த நாள் அவர் பழைய நானூற்றுப் பதினோராம் வரியை அழித்தார். அழித்த கையோடு, வருகிறவர்களுக்கு யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டவேண்டுமே என்ற யோசனையில், அந்த இடத்தில் இன்னொன்று எழுதினார்: வழி என்பது ஆறுமுகநயினார் வீடு.

பொழுது விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் ஊர் நின்றது. டீக்கடை முத்தையா, செல்வராணி, ஹெட்மாஸ்டர், பூசாரி, ஒரு வில்லுவண்டி, அதில் பூட்டிய மாடு. யாருக்கும் கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை, இந்த ஒரு வீட்டைத் தவிர போவதற்கு வேறு இடம் எதுவும் தெரியாததால் வந்திருந்தார்கள்.

"ஆறுமுகநயினார், டீ எங்க கிடைக்கும்?" என்றான் முத்தையா.

முப்பத்தொரு வருஷம் கழித்து முதல் தடவையாக ஒருத்தன் பேரைச் சொல்கிறான். ஆனால் சந்தோஷப்பட நேரம் இல்லை. "ஏம்வே, டீக்கடை உம்ம கடைதானே!"

"எனக்குக் கடை இருக்கா?" என்று முத்தையா செல்வராணியைப் பார்த்தான். "இருந்தா நல்லதுதான்" என்றாள் செல்வராணி. "எனக்கு வாய்க்கால் பக்கம் அவசரமாப் போவணும், வாய்க்கால்னா என்னன்னுதான் தெரியல."

அவர் மோட்டார் ரூமுக்கு ஓடப் பார்த்தார், கால் வரவில்லை. அவரும் காலையில் அதைத்தானே சொல்லியிருந்தார். வீட்டைத் தவிர அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பகவதி போனை எடுத்துக் கையில் திணித்தாள்.

"பழைய வழியும் இருக்கட்டும், இதையும் சேர்த்துக்கோன்னு எழுதணும் அண்ணாச்சி" என்றாள் ஜெஸிந்தா. "நீங்க பழைய வழியத் தூக்கிட்டு இது மட்டும்தான் வழின்னு எழுதிட்டீங்க. எல்லாரும் முதல் தடவை செய்ற தப்புதான். இப்போதைக்கு முழு விலாசத்தைச் சொல்லுங்க, சொன்னா நடக்கும்."

ஆறுமுகநயினார் கண்ணை மூடி, "மேல ஊத்தங்குளம், தெற்குக் கடைசி, ஓவர்டேங்குக்கு அடியில, பச்சைக் கதவு போட்ட மோட்டார் ரூம்" என்றார். கால் நகர்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஊரும் பிடித்துக்கொண்டது. கிழக்கே வாய்க்கால், இரண்டாவது மடைக்குப் பக்கத்தில், கருவேலம்புதருக்குப் பின்னால் என்று சொல்லிவிட்டுச் செல்வராணி ஓடினாள். அன்று காலை முழுக்க ஊர் அப்படித்தான் நடந்தது. கீழத்தெரு, கதவு எண் பதினாலு, நீலச் சுவர் வீட்டில் அடுப்புக்கு முன்னால் நிற்கும் என் பெஞ்சாதி லெட்சுமியே, காப்பி கொண்டா என்று புருஷன்மார் கூப்பிட்டார்கள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு விவரமாகத் தன்னை யாரும் கூப்பிட்டதில்லை என்று லெட்சுமி இரண்டு டம்ளர் கொண்டுவந்தாள். அந்த வீட்டில் இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஆறுமுகநயினார் வரியைத் திருத்தினார். திருத்தியது மண்டையில் ஏற வேண்டுமானால் தூங்கி எழுந்தால்தான் முடியும் என்று அவர் சொன்னதால், உச்சிவேளையில் ஊரே ஒரு மணி நேரம் படுப்பது என்று பஞ்சாயத்தில் முடிவானது. படுத்தார்கள். எழுந்தபோது வேறு ஒன்றைச் சொன்னார்கள். பத்தொன்பதே வரி. வேட்டியைச் சரிசெய்க, வாயைத் துடைக்க, இது காலை அல்ல என்று அறிக, இன்னும் இப்படிச் சில. பத்தொன்பதாவது வரி, ஆறுமுகநயினார் என்பதற்குக் கடைசிப்பந்தி என்று கொள்க.

"கடைசிப்பந்தி, டீ குடிக்கேளா?" என்றான் முத்தையா.

ஜெஸிந்தா போனிலேயே சிரித்தாள். "முன்வாசல் வழியா உள்ள வந்தா பெரிய கோப்பு, பின்வாசல் வழியா வந்தா சின்னக் கோப்பு. காலையில முழிக்கிறது முன்வாசல். மதியம் முழிக்கிறது பின்வாசல். ரெண்டுலயும் திருத்தணும். நூறு பேருல தொண்ணூறு பேரு இதுலதான் முட்டிக்கிடுவாங்க."

"எனக்கு ரெண்டு வாசல்லயும் எழுதி வச்சிருக்கான் பாரு" என்றார் ஆறுமுகநயினார். யார் எழுதினார்கள் என்று ஜெஸிந்தா கேட்கவில்லை, அவருக்கோ அது கோயில்பிச்சைதான் என்பதில் சந்தேகமே இல்லை.

சின்னக் கோப்பைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. கோப்பின் பேருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்திருந்ததால் அது பட்டியலில் வராமல் ஒளிந்திருந்தது. வியாழக்கிழமை மதியம் அதில் இருந்த வரியையும் அழித்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். அவசரம் ஒன்றும் இல்லாமலே மேலத்தெரு, கீழத்தெரு, கோயில் தெரு என்று மூன்றையும் சுற்றினார். "ஆறுமுகநயினார், என்ன விசேஷம்?" என்றான் முத்தையா. "ஆறுமுகநயினார் மாமா, தேங்காய் வந்திருக்கு" என்றாள் செல்வராணி. ஹெட்மாஸ்டர் முழுசாக, "திரு. ஆறுமுகநயினார் அவர்கள்" என்றார். பூசாரி அவர் பேருக்கு ஒரு அர்ச்சனை செய்தார், முப்பத்தொரு வருஷமாகச் செய்ததெல்லாம் எந்தப் பேருக்குப் போனதோ என்று அவருக்கே தெரியவில்லை. நாலாவது தெரு இல்லையே என்று ஆறுமுகநயினாருக்கு வருத்தமாக இருந்தது. அதனால் பஸ் ஸ்டாப்பு வரை நடந்தார்.

"என்ன கடைசிப்பந்தி, சட்டை எல்லாம் சலவையா இருக்கு?" என்றான் கோயில்பிச்சை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஊருக்கே தெரிந்த விஷயம்தான். காலமெல்லாம் குழாய் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே இருந்து, காதுக்குள் இரைச்சல் புகுந்து, கோயில்பிச்சை தூங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. ஒருத்தன் கத்திரிக்காய் சாப்பிடமாட்டான் என்பதுபோல, கோயில்பிச்சை தூங்கமாட்டான் என்று ஊர் அதை விட்டுவிட்டது. கடை வாசலில் பெஞ்சைப் போட்டு ராத்திரி பகல் எல்லாம் அங்கேதான். கோப்பு அவனுக்குள் போகவே இல்லை. ஆடி முதல் செவ்வாயன்றும் ஒரு வரி சொல்லாதவன் அவன் ஒருத்தன்தான். நாலு மணி பஸ்ஸில் இறங்குகிறவர்கள் பார்க்கப்போகும் முதல் ஆளும் அவன்தான்.

"அது ஏற்கெனவே ஓடிட்டு இருக்கிற ஆளு அண்ணாச்சி" என்றாள் ஜெஸிந்தா போனில். "நீங்க கோப்புல எதைத் திருத்தினாலும் ஓடுறவருக்குத் தெரியாது. ஒண்ணு அவர் தூங்கி முழிக்கணும். இல்லன்னா அவரே மனசு வச்சு, ஒருக்கா படின்னு தனக்குத்தானே சொல்லிக்கணும். வெளியிலேர்ந்து நாம சொல்ல முடியாது."

அவர் பெஞ்சுக்கு எதிரே போய் நின்றார். "கோயில்பிச்சை, உமக்கு நீரே ஒருக்கா படின்னு சொல்லும்வே."

"எதை?"

"என் பேரை."

"உம்ம பேரு எனக்கு நல்லாத் தெரியும். நான் வச்ச பேரு. நான் ஏம்வே படிக்கணும்?"

ஆறுமுகநயினார் வீட்டுக்குப் போனார். தலையணை ஒன்று, பனையோலை விசிறி ஒன்று, தூக்குவாளி நிறையக் கட்டித்தயிர் ஊற்றிப் பிசைந்த பழைய சோறு, சின்ன வெங்காயம். பகவதி பார்த்துக்கொண்டு நின்றாள். "பொண்ணு பாக்க வாரவங்களுக்கு இலை நறுக்கச் சொன்னா, அந்த ஆளுக்குச் சோறு கட்டுதிய."

"அவன் தூங்கினாத்தான் உன் பொண்ணுக்கு இலை" என்றார்.

கோயில்பிச்சை முழு வாளியையும் தின்றான். தலையணையில் சாய்ந்தான். ஆறுமுகநயினார் பெஞ்சின் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறினார். தாலாட்டு தெரியாததால், மோட்டார் ஓடுகிற சத்தத்தைத் தொண்டையிலேயே எழுப்பினார், அந்தச் சத்தத்தில்தான் அவருக்கு எப்போதும் கண் சொக்கும். ஒரு மணி ஆனது. இரண்டு ஆனது. போகிற வருகிறவர்கள் குரலைத் தணித்து, "ஆறுமுகநயினார், தூங்கிட்டாரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கோயில்பிச்சை இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காத்து நல்லா வருது கடைசிப்பந்தி" என்றான். "கொஞ்சம் கால் பக்கமும் வீசும்."

அவர் கால் பக்கமும் வீசினார்.

மூன்றே முக்காலுக்கே பஸ் வந்துவிட்டது. பையனின் அப்பா, அம்மா, ஒரு அத்தை. ஆறுமுகநயினார் எழுந்து ஓட நேரமில்லாமல் விசிறியோடு அப்படியே குனிந்துகொண்டார். பையனின் அப்பா பெஞ்சைப் பார்த்து வந்தார், சாய்ந்திருப்பவரிடம்தானே கேட்கவேண்டும், விசிறிக்கொண்டிருப்பவரிடம் யார் கேட்பார்கள்.

"அண்ணாச்சி, இங்க ஆறுமுகநயினார்னு ஒருத்தர்..."

"அப்படி யாரும் இல்லியே" என்றான் கோயில்பிச்சை.

விசிறி நின்றது.

"தண்ணி டேங்க் பாக்காவன்னு சொன்னாவ" என்றாள் பையனின் அம்மா.

"தண்ணி டேங்கா? அது கடைசிப்பந்தில்லா." கோயில்பிச்சை எழுந்து உட்கார்ந்தான். "அவனை விசாரிக்கேளா? அவனைப் போல ஒருத்தன் கிடையாது கேட்டியளா. கொடையில மூணு நாளும் ஊருக்கெல்லாம் ஊத்திட்டு, மிஞ்சினதைத் தின்னான். அதுக்குப் பொறவு முப்பது வருஷத்துல ஒரு நாள் குழாயில தண்ணி நின்னதில்ல. மவளை நல்லா வளத்திருக்கான். எதையும் லேசுல மறக்கமாட்டான், அவ்வளவுதான். நீங்க சொல்லுத ஆறுமுகநயினாரு யாருன்னு எனக்குத் தெரியாது, அவன் வீட்டுக்குப் போவாதிய. பொண்ணு எடுத்தா கடைசிப்பந்தி வீட்டுல எடுங்க."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை சன்னமான குரலில், "இவ்வளவு சொல்லுதாவளே, பேசாம அந்த வீட்டையே பாத்துட்டுப் போவமா?" என்றாள்.

ஆறுமுகநயினார் நிமிர்ந்தார். அழிக்கவேண்டியதை எல்லாம் அழித்து, இரண்டு வாசலிலும் அழித்து, கடைசியில் அது தன் வாயில்தான் வந்து நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

"அது நான்தான்" என்றார்.

"எது?" என்றார் பையனின் அப்பா. "ஆறுமுகநயினாரா, கடைசிப்பந்தியா?"

"ரெண்டும்."

பையனின் அப்பா அவரைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், பெஞ்சில் இருந்தவனைப் பார்த்தார். "ஊர்க்காரருக்கு விசிறிவிடுத ஆளு" என்று மனைவியிடம் சொன்னார், மெச்சித்தான் சொன்னார். வீட்டுக்குப் போனார்கள். செண்பகவடிவு காப்பி கொண்டுவந்தாள். ஐப்பசியில் நாள் பார்த்தார்கள், பூ வைத்தார்கள். ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பையனின் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ வாரோம் கடைசிப்பந்தி சம்மந்தி" என்றார். அந்த மனுஷனைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் சங்கரன்கோவிலில் தூங்கி எழுகிறவர், இந்தக் கோப்பு அவருக்குக் கிடையாது.

பஸ் போன தூசி அடங்கியதும் ஆறுமுகநயினார் மறுபடி மைக்செட் கடைக்கு வந்தார். கோயில்பிச்சை தலையணையில் சாய்ந்தபடியேதான் இருந்தான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"நான் சொன்னதுதான் வேலை செஞ்சுது, பாத்தேரா?"

ஆறுமுகநயினார் பெஞ்சின் தலைமாட்டில் உட்கார்ந்து, சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டு, விசிறியை எடுத்தார். தொண்டைக்குள் மோட்டாரைப் போட்டார்.

"கண்ணு சொக்குதா வே?"

"இல்ல வே."

அவர் வலது கையிலிருந்து இடது கைக்கு விசிறியை மாற்றிக்கொண்டார்.